அடைத்து வைத்த குளிர்

சவுதிக்கும் குவைத்துக்கும் போகப்போகிற இளைஞர்கள் இப்போது அடிக்கடி என் வீட்டுப் படலையைத் தட்டுகிறார்கள். பாஸ்போட் கையில் இருக்கிறது, விசா வரும் வழியில் இருக்கிறது, தொழில் மட்டும் இன்னும் புறப்படவில்லை. "பரமு அண்ணை, ஏசி வேலையைக் கெதியாச் சொல்லித் தாங்கோ, அடுத்த கிழமை பிளேன்" என்கிறார்கள். தலைமயிர் கொட்டித் தீரும்வரை செய்தும் எனக்கே அரைகுறையாகப் பிடிபட்ட தொழில் இது. நானும் சளைப்பதில்லை. ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் முழுவதையும் சொல்லிக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன். இனி அது பாலைவனத்துக்காரர் பாடு.

போன மாதம் வந்த ஒருவன் மட்டும் படலைவரை போய்விட்டுத் திரும்பி வந்தான். "அண்ணை, மெய்யோ? ஏசிக்குள்ளை இருக்கிற காஸ் வெளியிலை வந்தால் படுத்திருக்கிற ஆக்கள் அப்பிடியே செத்துப்போவினமாம்?"

வழக்கமாக எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கும் என் வாயில் அன்று ஒன்றும் வரவில்லை. அவன் பயந்துபோய் "சரி அண்ணை, பிறகு வாறன்" என்று போய்விட்டான். அவனுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் பண்டத்தரிப்பில் பிறந்தவன். புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் இறைக்கிற வேலைக்குப் பயந்து கொழும்புக்கு ஓடினேன். அங்கே ஒரு ஐஸ் தொழிற்சாலையில் சேர்த்தார்கள். அங்கேயும் தண்ணீர்தான் சுமந்தேன். கட்டியாக உறைந்திருந்தது என்பது மட்டுமே வித்தியாசம். சில வருடம் அப்படி விறைத்த பிறகு யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி, பட்டினத்தில் குளிர்ப்பெட்டி திருத்துகிற கடை வைத்திருந்த தேவசகாயம் மாஸ்டரிடம் சேர்ந்தேன். ஐம்பதுகள் முடிகிற காலம். கரண்ட் இல்லாத ஊர்களில் மண்ணெண்ணெயில் எரிகிற குளிர்ப்பெட்டிகள் இருந்தன. ஏசி உள்ள வீடுகளை ஒரு கை விரல்களுக்குள் அடக்கலாம்.

மாஸ்டர் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த வேதக்காரர். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சேட்டு. மாலையில் கடை பூட்டும்போதும் அது வெள்ளையாகவே இருக்கும். என் உடுப்பில் காலை பத்து மணிக்கே எண்ணெய்க் கறையால் இலங்கைப் படம் விழுந்துவிடும். மெஷினைத் திறப்பதற்கு முன் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். ஜெபம் செய்கிறார் என்று நானும் பக்தியோடு கைகட்டி நிற்பேன். ஒருநாள் துணிந்து கேட்டேன்.

"மாஸ்டர், எந்த ஜெபம்?"

"ஜெபமோ? எத்தினை ஸ்குரூ கழட்டவேணும், எதை எங்கை வைக்கவேணும் எண்டு யோசிக்கிறன். நீ ஏன் கைகட்டிக்கொண்டு நிக்கிறாய்?"

அவர் ஒருவரை ஏசி நான் பார்த்ததில்லை. ஏச்சைத்தான் சொல்கிறேன். பிழையாக ஏதாவது சொன்னால் "அப்படியோ?" என்பார். அவ்வளவுதான். மெல்லிய குரல், முகத்தில் ஒரு கோபமும் இராது. கேட்டவனுக்கு மட்டும் கிணற்றுக்குள் இறங்கிவிடலாம் போலிருக்கும்.

நான் முதலில் வாங்கிய "அப்படியோ?" இன்னும் நினைவிருக்கிறது. ஒரு டொக்டர் வீட்டு மெஷின் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவரச் சொல்லி அனுப்பினார். அந்தக் கால ஏசி சுவரில் ஓட்டை போட்டு இருத்துகிற ஒரு பெட்டி. முன்பக்கம் அறைக்குள், பின்பக்கம் வளவுக்குள். என் கோலத்தைக் கண்ட வீட்டுக்கார அம்மா என்னை அறைக்குள் விடவில்லை, வளவால் சுற்றிப் போகச் சொன்னா. நான் போய் நின்றது பின்பக்கம். கையை நீட்டினேன். திரும்பி ஓடிவந்து, "மாஸ்டர், மெஷின் முழுப் பழுது. நெருப்புக் காத்து அடிக்குது" என்றேன்.

"அப்படியோ?" என்றார். பிறகு, "நீ எந்தப் பக்கம் நிண்டனி?"

அன்றிலிருந்து கடையில் என் பெயர் "பின்பக்கம்". கலியாண வீட்டுக்குக்கூட "பின்பக்கம் வரேல்லையோ?" என்று கேட்டார்கள். ஆனால் தொழிலின் பாதியை அந்த இடத்தில்தான் மாஸ்டர் சொல்லித் தந்தார். ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கிற சூட்டை அள்ளிக்கொண்டுபோய் வெளியில் கொட்டுகிறது, கிணற்றை இறைக்கிற மாதிரி. பின்பக்கம் சுட்டால்தான் முன்பக்கம் குளிரும். பின்பக்கத்தில் வெயிலும் தூசியும் ஏறினால் அள்ளியதைக் கொட்ட இடமில்லாமல் மெஷின் மூச்சு வாங்கும், மீற்றர் ஓடும், பில் ஏறும்.

இது எனக்கு விளங்கியது. வீட்டுக்காரருக்கு விளங்கவைப்பதுதான் கஷ்டம். குருநகரில் ஒரு சம்மாட்டியார், பல வள்ளங்களுக்குச் சொந்தக்காரர், கடலைப் பார்த்த முன் மண்டபத்தில் ஏசி பூட்டினார். "குளிர் இல்லை, பில் மட்டும் வருது" என்று ஆள் அனுப்பினார். மாஸ்டரும் நானும் போய்ப் பார்த்தால் வாசலும் சன்னல்களும் ஆவென்று திறந்திருக்கின்றன.

"ஐயா, கதவைப் பூட்டவேணும்" என்றேன்.

"பூட்டினால் றோட்டாலை போறவன் எப்படியடா காணுறது?" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடையில் வாங்கியது குளிருக்கு மட்டும் இல்லையே. பின்பக்கத்தைப் பார்த்தேன். சூட்டை வெளியே விடுகிற மெல்லிய அலுமினியத் தகடுகளை உப்புக்காற்று அப்பளமாக்கியிருந்தது. விரல் பட்ட இடம் பொடியாகக் கொட்டியது. கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் மெல்லக் கழுவுங்கள், தூசி பிடிக்கிற ஃபில்டரைக் கழற்றி அலசுங்கள் என்று மாஸ்டர் சொல்லிவிட்டு வந்தார். அடுத்தமுறை போனபோது சம்மாட்டியாரின் மனைவி பெருமையோடு காட்டினா. மீன்சட்டி தேய்க்கிற பொச்சுமட்டையும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்து, மிஞ்சியிருந்த தகடுகளையும் வடக்குத் தெற்காகப் படுக்கவைத்திருந்தா. மெஷின் பளபளவென்று மினுங்கியது. அதன் பிறகு ஓடவில்லை.

இவையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்லக்கூடியவை. இனி வருவது கொக்குவில் வீட்டுக் கதை.

இறக்குமதிக்குக் கதவடைத்திருந்த காலம் அது. ஏசிக்குள் அடைக்கிற காஸ் ஒரு சிலிண்டர் கிடைப்பது அரசாங்க வேலை கிடைப்பதைவிடக் கஷ்டம். கொக்குவில் ஸ்டேஷனுக்குக் கிட்ட மதில் கட்டிய பெரிய வளவுக்குள் சின்னத்தம்பியர் இருந்தார். மலாயாவில் ரயில்வே வேலை பார்த்துப் பென்சனோடு வந்தவர். காலையில் முகம் கழுவுமுன் கரண்ட் மீற்றரைப் பார்க்கிற மனிதர். அப்படிப்பட்டவர் கொழும்பில் ஒரு வெள்ளைக்காரன் விற்றுவிட்டுப் போன பழைய ஏசியை வாங்கி ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தார் என்றால், காரணம் மகள் புவனம்.

புவனம் கலியாணம் முடித்து நெடுங்காலம் பிள்ளை இல்லாமல், ஏறாத கோயில் இல்லை. கடைசியில் ஒருமாதிரி வயிற்றில் தங்கியது. கொழும்பில் ஏசி போட்ட கந்தோரில் வேலை பார்த்தவள். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்ததும் வெக்கையில் துவண்டு போனாள். தகப்பனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒற்றைப் பிள்ளை, அதன் வயிற்றில் ஒற்றைப் பிள்ளை.

பூட்டிக் கொடுத்தது நாங்கள்தான். சுவரை உடைத்து, மரச்சட்டம் அடித்து, சட்டத்தை வெளிப்பக்கமிருந்து ஆணியால் இறுக்கி, பெட்டியை உள்ளே இருத்தினோம். கட்டிலுக்கு நேர் மேலே வேண்டும் என்று சின்னத்தம்பியர் சொன்ன இடத்திலேயே வைத்தோம்.

பிள்ளை பிறந்து சில நாளில் ஆள் வந்தது. "காஸ் கசியுது, உடனை வாங்கோ."

வாசலில் சின்னத்தம்பியரின் மனைவி தங்கம்மா நின்றா. கதைக்கத் தொடங்கினால் மூச்சுக்கு மட்டும் நிறுத்துகிற மனுஷி. "வாங்கோ, வந்து பாருங்கோ உங்கடை வேலையை! புவனத்துக்கு ஒவ்வொரு நாளும் பின்னேரம் தலையிடி, சத்தி. சின்னது பால் குடிக்குதில்லை, துவண்டு துவண்டு படுக்குது. எனக்கும் அந்த அறைக்குள்ளை இருந்தால் தலை சுத்துது. உந்தப் பெட்டிக்குள்ளை இருந்து என்னவோ வருது!"

துடக்கு வீடு. பிள்ளைபெற்ற அறைக்குள் வேற்று ஆண்கள் போவதில்லை. தாயையும் பிள்ளையையும் மறு அறைக்கு மாற்றிவிட்டு எங்களை உள்ளே விட்டார்கள். உள்ளே போனதும் எனக்கு ஆச்சரியம். பழைய கல்வீட்டில் கூரைக்குக் கீழே காற்றுப் போக விட்டிருந்த துளைகளையெல்லாம் சுண்ணாம்புச் சாந்து போட்டு மெழுகியிருந்தார். சன்னல் விளிம்பெல்லாம் கடதாசி. கதவுக்குக் கீழே சைக்கிள் டியூப்பை நீளமாக வெட்டி ஆணியடித்திருந்தார். வெளிக்காற்றுக் கொஞ்சம் உள்ளே வரட்டும் என்று மெஷினில் ஒரு சின்னக் கைபிடி இருக்கும். அதையும் மூடி, மேலே பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்.

"காசு குடுத்து வாங்கின குளிர் தம்பி" என்றார். "ஒரு சொட்டும் வெளியிலை போகக்கூடாது."

நான் மெய்யாகவே மெச்சினேன். குருநகரில் கதவைப் பூட்டச் சொல்லிக் காலில் விழாத குறை. இங்கே ஒரு மனிதர் எறும்புக்குக்கூட வழி விடவில்லை. மாஸ்டர் சுவரைச் சுற்றிப் பார்த்தார். "அப்படியோ?" என்று மட்டும் சொன்னார்.

காஸ் கசிவு பார்ப்பது ஒரு தனிக் கலை. அதற்கென்று ஒரு சின்ன ஸ்பிரிட் விளக்கு உண்டு. சுடருக்குள் ஒரு செம்புத் துண்டு. பக்கத்தில் ஒரு ரப்பர்க் குழாய். குழாயின் நுனியை மூட்டு மூட்டாகக் கொண்டுபோகவேண்டும். குழாய் அந்த இடத்துக் காற்றை இழுத்துச் சுடருக்குக் கொடுக்கும். காஸ் இல்லையென்றால் சுடர் நீலமாகவே இருக்கும். துளி காஸ் இருந்தாலும் பச்சையாகிவிடும். மாஸ்டர் அறையை இருட்டாக்கி, முழங்காலில் இருந்து, ஒரு மூட்டில் நின்று நின்று அடுத்த மூட்டுக்குப் போவார். காஸ் காற்றைவிடப் பாரம் என்பதால் ஒவ்வொரு மூட்டின் கீழ்ப்பக்கத்தையும் பார்க்கவேண்டும். அவசரப்பட்டவன் கசிவைத் தாண்டிப் போய்விடுவான். நான் எத்தனை தரம் தாண்டியிருக்கிறேன் என்பதைச் சொன்னால் என் பென்சனை நிறுத்திவிடுவார்கள். என்னிடம் பென்சன் இல்லை என்பதுதான் ஒரே பாதுகாப்பு.

சுடர் நீலமாகவே இருந்தது. உள்ளே போகிற காற்றையும் வெளியே வருகிற காற்றையும் இரண்டு வெப்பமானி வைத்துப் பார்த்தார். அருமையான குளிர். காஸ் குறைந்திருந்தால் அந்தக் குளிர் வராது.

"அம்மா, கசிவு இல்லை" என்றார் மாஸ்டர்.

"அப்ப என்ரை பிள்ளை நடிக்கிறாளோ?" என்றா தங்கம்மா.

பார்க்க வந்த வைத்தியர் இரத்தம் குறைவு என்று மருந்து கொடுத்திருந்தார். அதுவும் பொய்யில்லை, பிள்ளைபெற்ற உடம்புதானே. நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். சின்னத்தம்பியர் தேத்தண்ணி தந்து, காஸ் விடவில்லை, அதற்குக் காசு வேண்டாம் என்று மாஸ்டர் சொன்னதும் மகிழ்ச்சியோடு அனுப்பிவைத்தார்.

இரண்டாம்முறை ஆள் வந்தது பகல் சாப்பாட்டு நேரம். புவனம் முதல் நாள் பின்னேரம் மயங்கி விழுந்துவிட்டாள். நாங்கள் போய் இறங்கியதும் தங்கம்மா அழுதுகொண்டே திட்டினா. "கோதாரி விழுந்த பெட்டியைக் கழட்டிக்கொண்டு போங்கோ! காஸாம் காஸ்! அந்தப் பண்டத்தரிப்பானுக்கு வாய் மட்டும்தான். இவ்வளவு காலம் தவமிருந்து பெத்த பிள்ளை…" மீதிச் சொல் வரவில்லை.

மாஸ்டர் மெதுவாகக் கேட்டார். "மயங்கினபோது மெஷின் ஓடினதோ அம்மா?"

"எங்கை ஓடுறது? அந்த நேரம்தானே ஒவ்வொரு நாளும் கரண்ட் நிக்குது! அறுவாங்கள், பின்னேரம் பின்னேரம் நிப்பாட்டுறாங்கள்."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். கொக்குவிலில் அப்படிப் பின்னேரம் கரண்ட் நிற்பதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. சின்னத்தம்பியர் இருமினார். பிறகு மாஸ்டரின் முழங்கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் வாளியைப் பார்க்கிற மாதிரிப் பின்னால் போனேன்.

"மனிசிக்குச் சொல்லிப்போடாதையுங்கோ" என்றார். "பிள்ளை முழுகிப்போட்டு அறைக்குள்ளை போனதும் மெயின் சுவிச்சை நான்தான் நிப்பாட்டுறனான். அடைச்ச குளிர் அறைக்குள்ளை ஒரு மணித்தியாலம் நிக்கும். அதுக்குள்ளை எதுக்கு வீண் கரண்ட்?"

எனக்குச் சிரிப்பு முட்டியது. மாஸ்டர் சிரிக்கவில்லை. அவர் முகம் வெளிறியதை அன்றுதான் கண்டேன்.

"ஐயா, நிண்ட மெஷின் ஆரையும் மயக்காது. கசிவும் இல்லை. அப்ப அந்த நேரத்திலை அறைக்குள்ளை வேறை என்ன நடக்குது?"

"ஒண்டுமில்லை. முழுகிப்போட்டு வந்து படுப்பாள், அவ்வளவுதான்."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அவ்வளவுதான் தெரியும். தங்கம்மாவிடம் கேட்டாலும் அதே பதில். "ஒண்டும் புதிசாச் செய்யிறேல்லை." உண்மைதான், புதிதாக ஒன்றும் இல்லை.

"சரி" என்றார் மாஸ்டர். "இண்டைக்கும் எல்லாம் வழக்கம்போல நடக்கட்டும். நாங்கள் வெளியிலை நிண்டு பாக்கிறம்." என்னிடம், "பரமு, நீ பின்பக்கம் நில். விளக்கைக் கொளுத்தி மூட்டுகளிலை பிடி" என்றார். என் பட்டப்பெயர் ஒருமுறையாவது பொருத்தமாக வந்தது என்று நினைத்துக்கொண்டு, ஒரு வாங்கை இழுத்துப் போட்டு அதில் ஏறி, பெட்டியின் பின்னால் விளக்கோடு நின்றேன். மாஸ்டரும் சின்னத்தம்பியரும் விறாந்தையில் இருந்தார்கள். முழுக்கு முடிந்து புவனம் அறைக்குப் போனாள். தங்கம்மா கதவைச் சாத்தி உள்ளே இரும்புத் தடியைப் போட்டா. வீட்டில் இரண்டு வேற்று ஆம்பிளைகள், மகள் ஈரத்தலையோடு இருக்கிறாள் என்பதற்காகத் தடி.

சின்னத்தம்பியர் மெயின் சுவிச்சை அணைத்தார். மெஷின் நின்றதும் அறைக்குள் பேசுவது தகடுகளுக்கூடாக எனக்குத் தெளிவாகக் கேட்டது. தங்கம்மா என்னைத்தான் பேசிக்கொண்டிருந்தா.

"உவன் ஒரு கோமாளி. விளக்கைக் கொளுத்திக்கொண்டு பெட்டியைச் சுத்துறான், கார்த்திகை விளக்கீடு மாதிரி."

"எணை அம்மா, அவருக்குக் கேட்கப்போகுது" என்றாள் புவனம்.

"கேட்கட்டுமன்! நீ தலையை விரிச்சுப் படு. இண்டைக்குக் கொஞ்சம் கூடத்தான் போட்டனான். அந்தப் பெட்டிக் காத்தின்ரை நஞ்செல்லாம் போகட்டும்."

எதைக் கூடப் போட்டா என்று நான் யோசிக்கவில்லை. கைவிளக்கு நீலமாக எரிந்தது. மூட்டு மூட்டாகக் குழாயைக் கொண்டுபோனேன். தங்கம்மா என் குடும்பத்துக்கு வந்தா, என் கலியாணத்துக்கு வந்தா; எனக்குப் பெண் தந்தவர்களின் துணிச்சலை வியந்தா. பிறகு வசனங்கள் நீள ஆரம்பித்தன. சொற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. "இவனுக்கு… ஆர்… இந்த…" என்று ஏதோ தொடங்கினா. முடிக்கவில்லை.

அப்பாடா என்றுதான் நினைத்தேன். ஆண்டவனே, மனுஷி ஓய்ந்துவிட்டா என்று. இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது.

சேலையில் கட்டித் தொங்கவிட்ட ஏணைக்குள் கிடந்த சின்னது சிணுங்கியது. யாரும் "ஆராரோ" என்று அசைக்கவில்லை. சிணுங்கல் மெலிந்தது. அதுவும் நின்றது. நான் காதைத் தகட்டோடு வைத்தேன். தகட்டின் இடுக்கால் என் மூக்குக்கு ஒரு வாசம் வந்தது. கோயில் வாசம்.

"மாஸ்டர்!" என்று கத்தினேன். "உள்ளை ஒருதரும் கதைக்கினமில்லை! சாம்பிராணி மணக்குது!"

விளக்கை நிலத்தில் வைத்துவிட்டு நான் விறாந்தைக்கு ஓடிவர, மாஸ்டர் எழும்பிக் கதவைத் தட்டினார். பதில் இல்லை. சின்னத்தம்பியரைப் பார்த்து, "தணலோ? உள்ளை தணல் வைக்கிறவையோ?" என்று கேட்டார்.

"ஓம், முழுகினால் தலைக்குப் புகை காட்டுறதுதானே. சிரட்டைக் கரி…" சொல்லிக்கொண்டே அவர் முகம் மாறியது. யார் இதைத் தனியாகச் சொல்லுவார்கள்? எங்கள் வீடுகளில் பிள்ளைபெற்றவள் முழுகினால் தணற்சட்டியில் சாம்பிராணி போட்டு, மேலே கூடையைக் கவிழ்த்து, கூந்தலை அதில் விரிப்பது சோறு தின்பது மாதிரி. காற்றுப்பட்டால் சன்னி வரும் என்று கதவும் சாத்துவார்கள். ஓட்டுக்கூரையும் துளையுமாய் இருந்த வீடுகளில் அது காலங்காலமாய் ஒருவருக்கும் ஒன்றும் செய்யவில்லை. இந்த ஒரு அறையில்தான் துளை இல்லை.

மூன்று பேரும் கதவை இடித்தோம். முதிரை மரக் கதவு, அசையவில்லை. சன்னல் பலகைக்கு உள்ளே கொளுக்கி, வெளியே இரும்புக் கம்பி. உள்ளே போக ஒரேயொரு வழி, பெட்டி இருந்த ஓட்டை.

பெட்டியை உள்ளே தள்ளுவது சுலபம். ஆனால் கீழே கட்டில். கட்டிலில் புவனம். அந்தப் பாரம் விழுந்தால் மிச்சமிருக்கிற உயிரும் போய்விடும். வெளியே இழுப்பதானால் நாங்களே அடித்து இறுக்கிய சட்டத்தோடு பெயர்க்கவேண்டும்.

"அலவாங்கு!" என்றார் மாஸ்டர். குழி தோண்டுகிற இரும்பு அலவாங்கைச் சின்னத்தம்பியர் ஓடிப்போய் எடுத்துவந்தார். நான் அதைச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே கொடுத்து நெம்பினேன். சொந்தக் கையால் அடித்த ஆணியை அன்று எவ்வளவு சபித்தேன்! மாஸ்டர் வெள்ளைக் காற்சட்டையோடு வாங்கில் ஏறி எனக்குப் பக்கத்தில் நின்று கையால் இழுத்தார். ஒரு மூலை பெயர்ந்தது. அடுத்தது. சாந்து உதிர்ந்து கண்ணுக்குள் விழுந்தது. பிறகு எல்லாமே ஒன்றாக வந்தது: பெட்டி, சட்டம், நான். குறோட்டன் சட்டிகளுக்கு மேல் விழுந்தோம். நல்லவேளை, பெட்டி என் மேல் விழாமல் என் பக்கத்தில் விழுந்தது. செம்புக்குழாய் முறிந்து உஸ்ஸென்று காஸ் பீறியது. நிலத்தில் கிடந்த என் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு தரம் வந்தும் நீலமாகவே நின்ற சுடர் அப்போதுதான் பச்சையாக எழும்பியது. காஸும் நெருப்பும் சேர்ந்தால் வருகிற புகை மகா கெட்டது. மாஸ்டர் விளக்கைக் காலால் மண்ணுக்குள் மிதித்துவிட்டு, "ஏறடா!" என்றார். வாழ்க்கையில் ஒரேயொரு தரம்தான் அவர் என்னை "அடா" என்றது.

இன்றைய வயிற்றோடு அந்த ஓட்டைக்குள் என் தலைகூடப் போகாது. அன்று வழுக்கிக்கொண்டு போனேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, புவனத்தில் படாமல் கட்டில் ஓரத்தில் குதித்து, கதவுத் தடியைத் தள்ளி, சட்டியை உதைத்து வெளியே விட்டேன். தங்கம்மா கதவடியில் சரிந்து கிடந்தா. எழும்பி வந்து தடியை எடுக்கப் பார்த்திருக்கிறா. புவனத்தின் கூந்தல் கூடைமேல் விரிந்தபடி கிடந்தது.

ஏணைக்குள் கையை விட்டேன். பிள்ளையின் முகம் செக்கச்செவேலென்று ரோசாப்பூ மாதிரி இருந்தது. "மாஸ்டர், பிள்ளைக்கு ஒண்டுமில்லை, நல்ல நிறமாயிருக்கு!" என்று கத்தினேன். அந்த நிறம்தான் நஞ்சின் நிறம் என்று பிறகு ஆஸ்பத்திரியில் டொக்டர் விளக்கினார். பூட்டிய அறையில் தணல் காற்றைத் தின்று ஒரு காஸை விடுமாம். மணமில்லை, நிறமில்லை, கண் எரியாது. இரத்தத்தில் காற்று இருக்கவேண்டிய இடத்தில் அது ஏறிக் குந்திவிடுமாம். சாம்பிராணிதான் மணக்கும், அது மணக்காது. நாங்கள் இரண்டு தரம் வந்து தேடியது வேறு காஸை.

மூன்று பேரையும் வளவுக்குள் கொண்டுவந்து போட்டோம். அங்கே சோளகக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் பிள்ளையை உள்ளங்கையில் ஏந்தி, வாயோடு வாய் வைத்து மெல்ல ஊதினார். ஊதுவது, பார்ப்பது, ஊதுவது, பார்ப்பது. ஒரு மெஷினுக்குக் காஸ் விடும்போது இருக்கிற அதே நிதானம். பிள்ளை ஒரு விக்கல் விக்கியது. பிறகு அழுதது. எனக்குத் தெரிந்து அதைவிட அசிங்கமான அழுகையும் இல்லை, அதைவிட அழகான அழுகையும் இல்லை.

தங்கம்மா சத்தி எடுத்துக்கொண்டு எழும்பினா. மண்ணும் சாந்துமாய் நின்ற என்னைக் கண்டா. "அறுவானே, ஆரைக் கேட்டுத் துடக்கு அறைக்குள்ளை வந்தனி?" என்றா. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பகிடிக்கு இல்லை.

புவனம் எழும்பவில்லை.

மாஸ்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, காருக்கு ஆள் அனுப்பச் சொல்லிப் படலைக்கு ஓடினார். சின்னத்தம்பியர் மகளின் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்தார். எங்கிருந்தோ ஒரு பனையோலை விசிறி அவர் கைக்கு வந்திருந்தது. விசிறினார். "பிள்ளை, புவனம், என்ரை ராசாத்தி, காத்தை இழு, காத்தை இழு மோனை" என்று சொல்லிக்கொண்டே விசிறினார். மூக்கால் ஓடியதைத் துடைக்கக்கூட நிறுத்தவில்லை. நான் பக்கத்தில் குந்தியிருந்தேன்.

கனநேரம் கழித்து அவள் கண்ணிமை அசைந்தது. உதடு அசைந்தது. இரண்டு பேரும் குனிந்தோம்.

"அப்பா" என்றாள். "குளிருது. நிப்பாட்டுங்கோ."

அவர் நிறுத்தவில்லை. கார் படலைக்குள் வந்து, அவளை ஏற்றி, கதவைச் சாத்தும்வரையும், சாத்திய பிறகு கண்ணாடிக்கு வெளியே நின்றும், விசிறிக்கொண்டே இருந்தார்.